முழங்கால் உயரத்துக்கு ஒரு துரோகம்

எங்கள் ஊரில் துரோகம் செய்யப் போனால் சோறு போடுவார்கள். அதுவும் கோழி அடித்து.

எங்கள் பெத்ரா மன்சாவில் ஒருவன் காய்ச்சலில் விழுந்தாலோ கைகாலை ஒடித்துக்கொண்டாலோ அவன் காட்டு வேலை பின்தங்கிவிடும். அக்கம்பக்கத்தார் அவனுக்குத் தெரியாமல் கூடிப் பேசி நாள் குறிப்பார்கள். விடியும் முன் அவன் வாசலில் வெடி கொளுத்தி, பாட்டுப் பாடி எழுப்புவார்கள். ‘துரோகம் வந்திருக்கு, கதவைத் திற’ என்பதுதான் பாட்டின் முதல் அடி. வெளியே வருகிறவன் அழலாம், சிரிக்கலாம், வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. அன்று பொழுதுசாயும் வரை இருபது முப்பது பேர் அவன் காட்டில் வேலை செய்வார்கள். அவன் வீட்டு அடுப்பு அணையக் கூடாது. என் அப்பா காலத்துக்கும் முன்னாலிருந்தே இதற்குப் பெயர் துரோகம்தான். பெயர் வைத்தவன் யாரோ, அவனுக்குக் கருநாக்கு.

என் பெயர் பெல்மீரோ. கோவேறு கழுதை வண்டியில் வீடு வீடாகப் பால் கேன் ஏற்றுகிறவன். எனக்கு மூக்கு நீளம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். தினமும் நாற்பது வாசலில் நிற்கிற பிழைப்பு. எதையும் பார்க்காமல் போக நான் என்ன, கண்ணுக்குப் பட்டை கட்டிய கழுதையா?

ஓடைக்கு அந்தப் பக்கத்து மலை ஆதெமாருடையது. இந்தப் பக்கத்து மலை என்னுடையது. என் இரண்டாவது மகளுக்கு அவர் ஞானத்தகப்பன். அதனால் அவர் எனக்குக் கொம்பாத்ரே, அவர் மனைவி ஜந்தீரா எனக்குக் கொமாத்ரே. சொந்தத் தம்பியை வாடா போடா என்பேன். இவர்களிடம் மரியாதை குறையாது.

ஆதெமார் பதினாறு வருஷம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தவர். இருமல் கண்டது. “இன்னொரு வருஷம் அந்தத் தூசியில் நின்றால் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வேண்டியதுதான்” என்று டாக்டர் சொன்னபின் வெளியே வந்தார். வந்தவர் இருந்த மாடுகளை விற்றுத் தேனீ வளர்க்க ஆரம்பித்தார். பதினோரு பெட்டி. அந்தத் தேனீக்கள்தான் அவரைக் குவாரிக்குப் போகாமல் பிடித்து வைத்திருந்தன.

தேனுக்காக அல்ல, பிசினுக்காக. பெட்டியின் பக்கப் பலகையை ஒரு விரற்கடை விலக்கி வைத்தால் தேனீக்குப் பொறுக்காது. எங்கிருந்தோ பிசின் கொண்டுவந்து அந்தச் சந்தை அடைத்துவிடும். அதைக் கத்தியால் வார் வாராகச் சீவி எடுக்க வேண்டும். அரக்கு நிறப் பிசினை யாரும் சீந்த மாட்டார்கள். பச்சைப் பிசின் என்றால் வியாபாரி ஜீப்பில் வந்து வாங்கிப் போவார். ஜப்பானுக்குப் போகிறதாம், மருந்துக்கு. நாங்கள் நம்பவில்லை.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது ஜந்தீரா. எதையும் சும்மா விடாத பெண்மணி. எறும்பு போகிற வழியைக்கூடக் கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஒரு தேனீயின் பின்னாலேயே நாலு நாள் நடந்து, ஒரு புதரடியில் குப்புறப் படுத்துப் பார்த்து வந்தார். அது விளக்குமாற்றுச் செடி.

எங்கள் மலையெல்லாம் அந்தச் செடிதான். ஆள் உயரம் வளரும். மெல்லிய இலை, கசங்கினால் ஒரு காரமான வாசம். மார்ச் ஏப்ரலில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூக்கும். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் என்பது இதைப் பார்த்தால்தான் புரியும். மண்ணடுப்பில் சோள ரொட்டி சுடும் முன் சாம்பலைக் கூட்டித் தள்ள இந்தக் கிளைகளைத்தான் கட்டுகிறோம். அதைத் தவிர அதற்கு எந்த மரியாதையும் கிடையாது. இந்தச் செடி நிற்கிற மேய்ச்சலை அழுக்கு மேய்ச்சல் என்போம். அழுக்கு மேய்ச்சல் வைத்திருக்கிறவன் சோம்பேறி என்று அர்த்தம்.

ஆதெமார் செய்ததைக் கேளுங்கள். எங்கள் மலைக்காரர்கள் கோழி முட்டையிட்டால்கூடக் கொக்கரிக்காதே என்று அதன் வாயைப் பொத்துகிறவர்கள். பச்சையின் ரகசியம் வெளியே போகக் கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் வாசலில் நின்று அந்தச் செடியைத் திட்டுவார்.

“என் மேய்ச்சல் இருக்கிற அழுக்குக்குப் பாம்புகூட வழி தெரியாம நிக்குதுய்யா. அந்த விளக்குமாத்த என்னைக்கு ஒழிக்கப் போறேனோ!”

மூன்று வருஷம் இதே பாட்டு. நாங்களும் நிஜமென்று நம்பி உச்சுக் கொட்டினோம்.

பழைய காசு போய் ரியால் என்ற புதுக் காசு வந்த மறு வருஷம், அக்டோபரில், மாமரத்தில் கட்டியிருந்த தேனீக் கூட்டம் ஒன்றைப் பிடிக்க ஏறி, விழுந்து, ஆதெமார் காலை ஒடித்துக்கொண்டார். நவம்பரில் மழை பிடித்தது. சோளத்தில் களை ஏறியது.

எங்கள் ஊர்த் துரோகங்களுக்கெல்லாம் தலைவர் ஒனோஃப்ரே. வயது அறுபத்தைந்து. குரலும் பெரிது, கையும் பெரிது, மனசும் அப்படியே. வழக்கப்படி அந்த வீட்டுக்காரிக்கு மட்டும் முதல் நாள் காதில் போட்டுவைப்போம், சமையலுக்குத் தயாராக இருக்கட்டும் என்று. இந்தத் தடவை அவர் கூடாது என்றுவிட்டார்.

“ஜந்தீராட்ட சொன்னா ஆதெமார்ட்ட சொன்ன மாதிரிதான். அதுக ரெண்டும் ஒரே தலகாணில கெடக்குற ரெண்டு காது. பன்னியும் மாவும் நம்மளே கொண்டுபோயிருவோம்.”

சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இருபத்தேழு பேர் போனோம். வெடிச் சத்தத்தில் நாய்கள் ஓடின. ஆதெமார் கட்டுப்போட்ட காலோடு கோல் ஊன்றி வந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டை இன்னும் உரக்கப் பாடினோம்.

“எங்கருந்து தொடங்கணும், சொல்லும்மா” என்றார் ஒனோஃப்ரே.

ஜந்தீரா தலைமுடியை முடிந்துகொண்டே சொன்னார்: “சோளக்காட்டுல களை கெடக்கு. அது முடிஞ்சாலே பெரிய புண்ணியம்.”

“அது ஒன்பது மணிக்குள்ள முடிஞ்சிரும். இத்தன பேரு இருக்கோம்.”

“காப்பிச் செடிக்கு மண்ணு அணைக்கணும்.”

“அதையும் பாத்துருவோம். ஆனா அந்த மலை இருக்கே, இன்னைக்கு அத மொட்டை அடிச்சிட்டுத்தான் மறுசோலி. மூணு வருசமா ஒம் புருசன் பொலம்புறது எங்க காதுல விழலன்னு நெனச்சியா?”

“அது கெடக்கட்டும் ஒனோஃப்ரே” என்றார் ஆதெமார். அவர் கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த அழுக்கு எனக்குப் பழகிப்போச்சு.”

“வெக்கப்படுறான் பாருங்கடா!”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, தேனீயைக் கலைக்கக் கூடாது என்று ஒனோஃப்ரே கண்டிப்பாகச் சொன்னார். செடி பூக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது, பூவில்லாத செடியால் தேனீக்கு என்ன லாபம் என்பது எங்கள் கணக்கு. அவ்வளவு அக்கறையோடுதான் போனோம்.

பத்து மணிக்கு மலையில் ஏறினோம். ஏறிய கால்மணியில் கீழிருந்து ஜந்தீரா கூப்பிட்டார், காப்பி என்று. இறங்கிக் குடித்துவிட்டு ஏறினால் மறுபடியும் கூப்பிட்டார், ரொட்டி சூடாக இருக்கிறது என்று. பதினொன்றரைக்கே சாப்பாடு. பன்றி வறுவல், வெண்டைக்காய் போட்ட கோழிக் குழம்பு, சோளக்களி, பொடிப்பொடியாக அரிந்து வதக்கிய கீரை. சாப்பிட்டு எழுந்தவர்களை விடாமல் இனிப்புப் பூசணியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தார். பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு தடவை காப்பிக்குக் கூப்பிட்டார். “இப்படி ஒரு கை யாருக்கு வரும்” என்று மெச்சினோம். ஒரே நாளில் ஐந்து தடவை அவர் எங்களை மலையிலிருந்து இறக்கினார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தேன்.

சாப்பிட வந்தபோது ஒரு கட்டுச் செடியைத் தூக்கிவந்து அடுப்படியில் போட்டேன். “இந்தாங்க கொமாத்ரே, பத்து வருசத்துக்கு அடுப்புத் தொடைக்கலாம்.”

அவர் அதைக் கையில் எடுத்து முகத்தை வைத்து மோந்தார். “நல்ல வாசம், இல்லையா?”

“விளக்குமாத்துல என்ன வாசத்தக் கண்டீங்க?”

அவர் அடுப்பைக் கூட்டத் திரும்பினார்.

மற்றவர்கள் மண்வெட்டியால் வேரோடு கிளப்பினார்கள். ஒனோஃப்ரே வேர் வேராகத் தூக்கிக் காட்டி ஆரவாரம் செய்தார். எனக்கு இருபது வருஷம் பால் கேன் தூக்கின இடுப்பு, குனிந்தால் நிமிராது. நீளப் பிடி போட்ட அரிவாளால் நின்றவாக்கில், முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டு போனேன். கொய்யா மரத்திலிருந்து ஓடைப் பள்ளம் வரை என் பங்கு. பார்க்கவே அசிங்கமாக, குச்சி குச்சியாக நின்றது.

“பெல்மீரோ, நீ மேய்ச்சல வெட்டுறியா, அதுக்கு முடி திருத்துறியா?”

“இடுப்பு குனியமாட்டேங்குது ஒனோஃப்ரே.”

“ஒம் பொண்டாட்டி முன்னால மட்டும் நல்லாக் குனியுதே!”

பொழுது சாயும்போது மலை சிவப்பாக மொட்டையாகக் கிடந்தது. கரும்புச் சாராயம் வந்தது, துருத்திப்பெட்டியைத் தோளில் மாட்டி வாசித்தார்கள். ஜந்தீரா ஒனோஃப்ரேயோடு ஒரு சுற்று ஆடினார், சிரித்த முகத்தோடு.

டிசம்பரில் என் மூக்குக்கு வேலை வந்தது. தினமும் நான் வண்டியோடு ஓடைப் பாலம் தாண்டும்போது ஜந்தீரா அந்த மொட்டை மலையில் மண்டிபோட்டிருப்பார். மழை பெய்தாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அங்கேதான். முதலில் மலை முழுக்க அலைந்தார். பிறகு கொய்யா மரத்துப் பக்கம் மட்டும்.

“புதையல் தேடுறாரோ?” என்று வீட்டில் கேட்டேன்.

“புருசன் கால் ஒடஞ்சதுல அந்தப் பொம்பளைக்கு மண்ட கலங்கிருச்சு. நீ வேடிக்க பாக்காம வண்டிய ஓட்டு” என்றாள் என் வீட்டுக்காரி.

எப்படிப் பார்க்காமலிருப்பது? ஜெபம் என்றால் வீட்டில் மாதா படம் இருக்கிறது. துக்கம் என்றால் ஒரு நாள் இரண்டு நாள். இது ஒரு மாதமாக நடக்கிறது.

ஜனவரி நடுவில் வியாபாரியின் ஜீப் சேற்றில் மாட்டிக்கொள்ள, நான்தான் அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். ஒரு பெட்டியில் ஒரு வார் சீவி, வெயிலுக்குத் தூக்கிப் பார்த்து, ஒடித்து மோந்தார்.

“இது அரக்கு. இத வச்சு நான் தரைக்கு மெழுகுதான் போடலாம்.”

“நடுவுல பச்சைக் கோடு ஓடுது பாருங்க” என்றார் ஜந்தீரா.

“கோட்ட வச்சு நான் என்னம்மா பண்றது? தவக்காலத்துக்கு முன்னால இன்னொரு வாட்டி வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா இந்தப் பக்கம் வண்டி வராது.”

அவர் போனபின் ஆதெமார் கோலால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். “குவாரில ஆள் எடுக்குறானாம்” என்றார். சொல்லிவிட்டு இருமினார். ஜந்தீரா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வண்டியைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு மலையேறினேன். ஜந்தீரா என்னைப் பார்த்ததும் கேட்டார்:

“கொய்யாலருந்து ஓடை வரைக்கும் வெட்டுனது யாரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது வந்து… ஒனோஃப்ரேயோட மருமகன்னு நெனக்கிறேன்.”

“அவன் மம்பட்டில்ல வச்சிருந்தான்? இது அருவா வெட்டு. குனியாம வெட்டுனது. இடுப்புப் பிடிச்ச ஆளு வெட்டுனது.”

“மன்னிச்சிருங்க கொமாத்ரே. அடுத்த வாரம் வந்து அடியோட எடுத்துத் தந்துர்றேன்.”

“தொட்டீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்!” என்று சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “குனியத்தான் முடியாது. படுக்க முடியும்ல? படுங்க.”

ஈர மண்ணில் குப்புறப் படுத்தேன். கண்ணுக்கு நேராக என் வெட்டுக்குச்சி. அதன் பக்கங்களில் கொத்துக் கொத்தாகப் புதுத் துளிர், விரல் நீளம், பளபளவென்று பிசுபிசுப்பாக.

“ஒவ்வொரு தூராத் தடவிப் பாத்தேன். வேரோட எடுத்தது போச்சு. தரையோட வெட்டுனதும் காஞ்சிருச்சு. நீங்க அசிங்கமா விட்டது மட்டும் பொழச்சிருக்கு. பேசாம பாருங்க, வரும்.”

வந்தது. ஒரு தேனீ துளிரின் நுனியில் உட்கார்ந்தது. பூவைத் தேடவில்லை; குருத்து இலையைக் கடித்தது. கத்தரித்து, மென்று, முன்காலால் வாங்கி நடுக்காலுக்குக் கொடுத்து, பின்காலில் ஒட்டிக்கொண்டது. ஒட்டினது பச்சை. கால்மணி நேரம் அதே நுனியில் மெனக்கெட்டது. இருபது வருஷம் இந்தச் செடிகளுக்கு நடுவே வண்டி ஓட்டியிருக்கிறேன், இதைக் கண்டதில்லை. இடுப்பு வலிகூட மறந்துபோயிற்று.

“அப்போ பூவு இல்லையா? இந்தக் குருத்தா?”

“குருத்துதான்.”

நாங்கள் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து உட்கார்ந்தேன்.

“ஏன் கொமாத்ரே, அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“பாட்டுப் பாடிக்கிட்டு வந்து நிக்கிறவங்ககிட்ட என்னன்னு சொல்ல? ஒனோஃப்ரே அவரு வளத்த பன்னிய அடிச்சுத் தூக்கிட்டு வந்திருக்காரு. அதோட எங்க வீட்டுக்காரரு வேற, யாருக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு மாதா முன்னால சத்தியம் வாங்கியிருக்காரு. இப்ப ஒங்ககிட்ட சொன்னதே பாவந்தான்.”

“அந்தப் பச்சைக் கோடு? பெட்டில அது சேந்தப்ப இந்தத் துளிர் இல்லையே?”

ஜந்தீரா ஓடைக்கு அப்பால் கையைக் காட்டினார், என் மலையை. “அது ஒங்க அழுக்கு. இதுக அங்க பறந்து போய் எடுத்துட்டு வருதுக. இந்தத் துளிர் மட்டும் பதினோரு பெட்டிக்குக் காணாது.” வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “சனிக்கிழம நீங்களும் சுத்தம் பண்றதாக் கேள்விப்பட்டேன். நல்லது. ஒங்க மலை.”

உண்மைதான். எதிர்மலை மொட்டையாகப் பளிச்சென்று தெரிய, என் அழுக்கு ஊருக்கே உறுத்தியது. நானே போய் ஒனோஃப்ரேயிடம் ஆள் கேட்டிருந்தேன். ஜந்தீரா வேண்டாம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பதினாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

“வேணாம் ஒனோஃப்ரே” என்றேன்.

“என்னது வேணாம்?”

“மலை அப்படியே இருக்கட்டும்.”

“ஏன்? சாமி வந்து கனவுல சொல்லுச்சா?”

ஜந்தீராவின் ரகசியம் என் ரகசியம் ஆகிவிட்டது. “எனக்கு அழுக்கா இருந்தாத்தான் புடிச்சிருக்கு” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி காப்பியோடு வந்தாள். ஒனோஃப்ரே தட்டிலிருந்து எடுக்கவில்லை. “சோம்பேறியா இருக்கலாம். வந்தவன அவமானப்படுத்தக் கூடாது” என்று சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக் காப்பியை மறுப்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். அன்று என் வீட்டுக்காரி என்னிடம் பேசவில்லை. மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் அழுக்கு பெல்மீரோ. பால் கேன் தூக்கிக் கொடுக்க வரும் பெண்கள்கூட அப்படிக் கூப்பிட்டார்கள். எரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் தினமும் பாலத்தில் வண்டியை நிறுத்தி மேலே பார்ப்பேன். என் மலையிலிருந்து ஓடையைத் தாண்டித் தேனீக்கள் போய்க்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் வெட்டுக்குச்சியெல்லாம் புதராக அடைத்துக்கொண்டது. தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வியாபாரி வந்தார். கத்தியை விட்டு வாரை உரித்தவர் அடுத்த பெட்டிக்குப் போனார், அதற்கடுத்த பெட்டிக்குப் போனார். பதினொன்றும் பச்சை. பையில் போட்டுக் கட்டி, “ஜூன் வரைக்கும் மாசம் ஒரு தடவ வருவேன்” என்றார். ஆதெமார் ஒரு வாரை மட்டும் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றிருந்தோம். ஒனோஃப்ரே என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“வழிய விடுங்கப்பா, அழுக்கு வருது! மேல ஒட்டிக்கிரும்.”

சிரிப்பு எழுந்தது. வழக்கம்போல் நானும் பல்லைக் காட்டினேன். ஆதெமார் கோலை ஊன்றி நடுவே வந்தார். மூன்று வருஷம் செடியைத் திட்டின அதே வாசற்படி. சட்டைப் பையிலிருந்து அந்த வாரை எடுத்து ஒனோஃப்ரேயின் பெரிய கையில் வைத்தார்.

“மோந்து பாருங்க.”

ஒனோஃப்ரே மோந்தார். “இது… விளக்குமாத்து வாசம்ல?”

“அதேதான். பச்சை அதுலருந்துதான் வருது. பூவுலருந்து இல்ல, குருத்துலருந்து. அந்த மலைதான் என் சோறு. அன்னைக்கு நீங்க வேரோட பிடுங்குனது அதைத்தான்.” இருமல் வந்தது. நின்று, மூச்சு வாங்கித் தொடர்ந்தார். “இவரு குனிய முடியாம விட்ட குச்சியும், ஒங்க பேச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு வெட்டாம விட்ட மலையுந்தான் என்னைக் குவாரிக்குப் போகாம வச்சிருக்கு. இவர அழுக்குன்னு சொல்லாதீங்க.”

ஒனோஃப்ரே தொப்பியைக் கழற்றினார். அந்த மனிதர் சாவு வீட்டில்தான் தொப்பியைக் கழற்றி நான் பார்த்திருக்கிறேன்.

“அப்போ” என்றார், “அன்னைக்கு நாங்க பண்ணது நெசமாவே துரோகமாப் போச்சே ஆதெமார்.”

“இல்ல. மூணு வருசம் இதே எடத்துல நின்னு, ஒங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன். துரோகம் பண்ணது நான்.”

ஒனோஃப்ரே அந்தப் பச்சை வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆதெமாரை விட்டுவிட்டு ஜந்தீராவிடம் திரும்பினார். குரலை அவர் அவ்வளவு தாழ்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஏம்மா, மறுபடி துளுக்கணும்னா எந்த ஒசரத்துல வெட்டணும்?”

ஜந்தீரா குனிந்து, பாவாடைக்கு மேலாகத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் திரும்பி என் இடுப்பைப் பார்த்தார்கள்.